பார்க்கிங்கில் லேசு, மோட்டார்வேயில் பிடிப்பு: 2000 எம்எக்ஸ்-5 ஸ்டீயரிங் ஒட்டுகிறது, உதவி தேவை

நீலக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். என் வண்டி 2000ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டாம் தலைமுறை, 1.8 எஞ்சின், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், 97,000 மைல் ஓடியது. திருச்சியில் பாலிடெக்னிக் படித்த காலத்தில் ஒரு பழைய பத்திரிகையிலிருந்து இந்த வண்டியின் படத்தைக் கத்தரித்து விடுதி அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். ஆறு வருடம் முன்பு அதே நீல நிறத்தில் ஒன்று கைக்கு வந்தது. விற்கும் எண்ணம் இல்லை. அதனால் ஒட்டுப்போடாமல் சரியாகப் பழுது பார்க்க ஆசைப்படுகிறேன்.

மூன்று மாதமாக ஸ்டீயரிங் நடுவில் ஒட்டுகிறது. எம்69 மோட்டார்வேயில் நேராகப் போகும்போது லேனுக்குள்ளேயே கொஞ்சம் திருத்த வேண்டி வரும் இல்லையா, அப்போது விரலால் தள்ளினால் அசையாது. சற்று அழுத்தினால் பட்டென்று விடுபட்டு, வேண்டியதைவிட அதிகமாகத் திரும்பிவிடுகிறது. உடனே எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். நாற்பது நிமிடப் பயணத்தில் இதையே செய்து தோள் வலிக்கிறது. ரவுண்டபவுட்டை விட்டு வெளியே வரும்போது தானாக நடுவுக்கு வர வேண்டிய ஸ்டீயரிங், கால் சுற்று பாக்கி இருக்கும்போதே நின்றுவிடுகிறது. மீதியை நான்தான் திருப்ப வேண்டும்.

ஆனால் பார்க்கிங்கில் ஒரு குறையும் இல்லை, ஒரு கையால் திருப்பலாம். பம்பில் முனகல் இல்லை. பெல்ட் போன வருடம் மாற்றியது. ஆயில் அளவு குறையவில்லை, தரையில் சொட்டும் இல்லை. அக்டோபரில் எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனையிலும் தேறியது.

இங்கே ஒரு பணிமனையில் காட்டினேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், ரேக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) போய்விட்டது, மாற்ற 640 பவுண்டு ஆகும் என்றார்கள். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், ரேக்கை மாற்றிய பிறகும் இதே நிலைமை என்றால் என்ன செய்வது? போன வாரம் என் மனைவி ஓட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ நம்மோடு சேர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். எங்கிருந்து தொடங்கிப் பார்க்கலாம்?

தென்றல்77:

முதலில் செலவில்லாததைப் பார்த்துவிடுங்கள். டயர் காற்று எவ்வளவு? இந்த வண்டிக்கு 26 பிஎஸ்ஐதான். பல கடைகளில் எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி 32, 34 என்று ஏற்றி அனுப்பிவிடுவார்கள். காற்று அதிகமானால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், தானாக நேராகும் விசையும் குறையும்.

அடுத்தது பவர் ஸ்டீயரிங் ஆயில். அதன் டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். இதில் ஊற்ற வேண்டியது ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), டெக்ஸ்ரான் வகை. தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டும். காப்பி நிறமாகி, கருகிய வாடை வந்தால் மாற்றிவிடுங்கள். ரிட்டர்ன் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, எஞ்சினை ஓடவிடாமல் மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினால் பழையது வந்துவிடும். புதியதை ஊற்றிய பிறகும் அப்படியே பத்துப் பதினைந்து தடவை திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். என் வண்டியில் இதிலேயே பாதி சரியானது.

கிரீஸ்கை:

தம்பி, உங்கள் மனைவி சொன்ன அந்த ஒரு வரியில் நோய்க்குறி முழுக்க இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கே வருகிறேன்.

நான் சென்னை புதுப்பேட்டையில் தொழில் பழகி, பிறகு இங்கே வுல்வர்ஹாம்ப்டனில் இருபத்தாறு வருடம் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இவற்றில் ரேக் அவ்வளவு சுலபமாகக் கெடாது. கெட்டாலும் பெரும்பாலும் ஆயில் கசிந்து சொல்லிவிடும். உங்களுக்குக் கசிவே இல்லை என்கிறீர்கள்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கனமும் ஒட்டலும் ஒரே நோய் இல்லை. பம்ப் தளர்ந்தாலோ, பெல்ட் வழுக்கினாலோ, ஆயில் குறைந்தாலோ ஸ்டீயரிங் கனக்கும். அந்தக் கனம் பார்க்கிங்கில்தான் அதிகம் தெரியும், ஏனென்றால் நிற்கும் டயரைத் திருப்பத்தான் பம்புக்குப் பெரிய வேலை. உங்களுக்குப் பார்க்கிங்கில் லேசாக இருக்கிறது. அப்படியென்றால் பம்ப் நலம், பெல்ட் நலம். அந்தப் பக்கம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒட்டுகிறது, விடுபட்டதும் துள்ளுகிறது, தானாகத் திரும்ப மாட்டேன் என்கிறது: இது மூன்றுமே உராய்வு. எங்கேயோ ஒன்று இறுகியிருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

இதற்கு அந்த ரேக்கின் தலையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்டீயரிங் தண்டு கீழே வந்து பினியனோடு (ரேக்கை நகர்த்தும் சிறிய பல் சக்கரத்தோடு) சேரும் இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அதன் நடுவில் டார்ஷன் பார் என்று ஒரு மெல்லிய எஃகுக் கம்பி. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், டயர் எதிர்ப்பதால் அந்தக் கம்பி இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில்தான் வால்வு திறந்து, ஆயில் ஒரு பக்கமாகப் பாய்ந்து ரேக்கைத் தள்ளும். மேல்முனையில் உங்கள் கை, கீழ்முனையில் டயர், நடுவில் இந்தக் கம்பி. வண்டி அறிந்ததெல்லாம் இந்தக் கம்பியின் முறுக்கு மட்டுந்தான்.

இப்போது வால்வுக்குக் கீழே உராய்வு இருக்கிறது என்று வையுங்கள், சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் காய்ந்துவிட்டது, ரேக்கின் அட்ஜஸ்டரை (பற்களின் இடைவெளியைச் சரிசெய்யும் திருகை) யாரோ அதிகமாக முறுக்கிவிட்டார்கள், இப்படி. திருப்பும்போது பம்பே அதைத் தள்ளிக் கடந்துவிடும், உங்கள் கைக்கு அவ்வளவாகத் தெரியாது. திரும்பி வரும்போதுதான் தெரியும்: சோம்பலாக வரும்.

உராய்வு வால்வுக்கு மேலே இருந்தால் கதை வேறு. அதாவது ஸ்டீயரிங் தண்டின் பேரிங், தண்டு கோணம் மாறும் இடத்தில் இருக்கும் மூட்டான கிராஸ் ஜாயிண்ட். அங்கே பம்பின் உதவி எட்டாது, உராய்வு முழுவதும் உங்கள் விரலுக்கு வரும். அதைவிட மோசம் இன்னொன்று. ரவுண்டபவுட் முடிந்து டயர் தானாக நேராகப் பார்க்கிறது. மேலே துரு தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்பி முறுக்கிக்கொள்கிறது. ஓட்டுநர் கையால் பிடித்திருக்கிறார் என்று நினைத்து வால்வு திறந்து, பம்ப் டயருக்கு எதிராகத் தள்ளுகிறது! கைப்பிடிக்கும் துருப்பிடிக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. யாரோ கூடவே பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி என்று உங்கள் வீட்டம்மா சொன்னது இதைத்தான். அதனால் எனக்கு மேல்பக்கத்தின் மேல்தான் சந்தேகம்.

சந்தேகம் போதாது, பார்க்க வேண்டும். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் இரண்டு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் நிலையில் மட்டும் வையுங்கள். பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு வீட்டில் இருக்குமே, அதை ஸ்டீயரிங்கின் விளிம்பில் மாட்டி, வட்டத்தின் போக்கிலேயே மெதுவாக இழுங்கள். எத்தனை கிலோவில் நகர்கிறது என்று கால் சுற்றுக்கு ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடிக்கும் போய் வாருங்கள். குறித்ததை இங்கே போடுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

இன்னொன்று. ஒட்டல் கூடிக்கொண்டே போனால் மோட்டார்வேக்கு எடுத்துப் போகாதீர்கள். ஸ்டீயரிங் விஷயத்தில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது.

மலைப்பாதை:

அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சக்கரத்தைத் தூக்கி வைத்திருக்கும்போதே பால் ஜாயிண்ட் ரப்பர்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டி 1996 மாடல். கீழ் பால் ஜாயிண்டின் ரப்பர் பூட் பின்பக்கம் கிழிந்திருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது, விரலை விட்டுத் தடவினால்தான் தெரியும். உள்ளே கிரீஸே இல்லை, சிவப்புத் தூள்தான் வந்தது.

அப்புறம், தண்டைக் கழற்றும் நிலைமை வந்தால் ஏர்பேகை மறக்காதீர்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கடிகாரச் சுருள் போல ஒரு கேபிள் சுற்றி வைத்திருக்கும். கீழே ரேக்கோடு தொடர்பு அறுந்த பிறகு ஸ்டீயரிங்கைக் கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் அந்தச் சுருள் அறுந்துவிடும். எனக்கு அப்படி ஆகி, ஏர்பேக் விளக்கு எரிந்தது, ஹாரனும் போனது. பழுது பார்த்த வேலையைவிட அந்தச் சுருளுக்குத்தான் அதிகம் செலவழித்தேன்.

நீலக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுவதும் வண்டியோடுதான் இருந்தேன்.

டயர் காற்று 34 இருந்தது. 26க்கு இறக்கினேன். ஓடும் விதத்தில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிகிறது, ஒட்டல் போகவில்லை. ஆயில் பழுப்பாகத்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். இப்போது சிவப்பு. ஒட்டலில் மாற்றம் இல்லை.

மலைப்பாதை சொன்னபடி விரலை விட்டுத் தடவியதில் இடப்பக்கக் கீழ் பால் ஜாயிண்டின் ரப்பரில் வெடிப்பு தட்டுப்பட்டது. உள்ளே இன்னும் கிரீஸ் இருக்கிறது. அடுத்த எம்.ஓ.டி. வரை காத்திருக்காமல் புதியது வாங்கிவிட்டேன். இந்த வண்டியில் அது கீழ்க்கையோடு (சக்கரத்தைத் தாங்கும் கீழ் இரும்புக் கையோடு) போல்ட் போட்டுத்தான் பொருத்தியிருக்கிறது, கையை முழுதாக மாற்ற வேண்டியதில்லை.

தராசுக் கணக்கு: பெரும்பாலான இடங்களில் 1.2 கிலோவில் நகர்கிறது. ஆனால் ஸ்டீயரிங் நேராக இருக்கும் நிலையில் 2.6 கிலோ வரை இழுக்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து அரைச் சுற்று, அதாவது ஸ்டீயரிங் தலைகீழாக நிற்கும்போது மறுபடி 2.6. அதிலிருந்து அரைச் சுற்றில் மறுபடி. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை அரைச் சுற்றுக்கு ஒரு தடவை அந்த இறுக்கம் வருகிறது. மூன்று முறை இழுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அதே இடங்கள்தான்.

கிரீஸ்கை:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். இது கிராஸ் ஜாயிண்ட்.

எப்படி என்றால், ரேக்கின் பல்லோ அட்ஜஸ்டரோ காரணமாக இருந்தால், இறுக்கம் ரேக்கின் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் வரும். நடுவில் வந்தால் நடுவோடு சரி, அரைச் சுற்றுக்கு ஒரு தடவை கடிகாரம் மாதிரி வராது. பால் ஜாயிண்ட் என்றால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுக்கும். சுற்றுக்கு இரண்டு தடவை, எதிரெதிராக, என்றால் அது வளைந்து சுற்றுகிற ஜாயிண்டின் கையெழுத்து. உள்ளே கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு, அதன் நாலு முனையிலும் நாலு கப், கப்புக்குள் ஊசி ஊசியாக பேரிங். எதிரெதிரான இரண்டு கப் ஒரு ஜோடி. ஒரு ஜோடி துருப்பிடித்தால் சுற்றுக்கு இரண்டு இடத்தில் பிடிக்கும். உங்கள் வண்டியில் அதில் ஒரு இடம் சரியாக நேராகப் போகும் நிலையிலேயே வந்து விழுந்திருக்கிறது. அதனால்தான் மோட்டார்வேயில் இந்தப் பாடு.

உங்கள் ஊர் ரோட்டில் குளிர்காலம் முழுக்க உப்புப் போடுகிறார்கள். கீழ் ஜாயிண்ட் எஞ்சின் அறையின் அடியில் இருக்கிறது. உப்புத் தண்ணீர் தெறித்து, எஞ்சின் சூட்டில் காய்ந்து, மறுபடி தெறித்து, இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உறுதி செய்ய, கீழ் ஜாயிண்டை ரேக்கிலிருந்து கழற்றுங்கள். பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். சக்கரம் நேராக இருக்கட்டும். ஜாயிண்டும் பினியன் தண்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுக்க உருவ வேண்டும், அது பினியனின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். ஜாயிண்டை மேலே தள்ளி விடுவித்த பிறகு, மேலே ஸ்டீயரிங்கைத் தராசால் இழுங்கள். மலைப்பாதை சொன்ன சுருளுக்காக, இரண்டு பக்கமும் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல், திரும்ப அதே இடத்தில் கொண்டுவந்து கட்டிவிடுங்கள். கீழே பினியனையும் கையால் திருப்பிப் பாருங்கள்.

நீலக்குருவி:

ஐயா, இன்று மாலை கழற்றினேன். போல்ட் வர இரண்டு மணி நேரம் ஆனது, துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே அடித்து வைத்தும்.

ஆனால் ஒரு குழப்பம். ஸ்டீயரிங்கும் தண்டும் தனியாக இருக்கும்போது 150 கிராமில் நகர்கிறது. எந்த இடத்திலும் பிடிக்கவில்லை, வெண்ணெய் மாதிரி போகிறது. பினியனைப் பிடித்துத் திருப்பினேன். கனமாக இருக்கிறது, ஆனால் ஒரே சீராகத்தான் போகிறது, எந்த இறுக்கமும் இல்லை. மேலேயும் குற்றம் இல்லை, கீழேயும் குற்றம் இல்லை என்றால் நோய் எங்கே போனது? சேர்த்து மாட்டினால் மட்டும் வருமா?

கிரீஸ்கை:

ஆமாம், சேர்த்து மாட்டினால்தான் வரும். இந்த இடத்தில்தான் பல பேர், தண்டு நன்றாக இருக்கிறது, அப்போது ரேக்தான் என்று முடிவு கட்டிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

யோசித்துப் பாருங்கள். கிராஸ் ஜாயிண்ட் எப்போது வேலை செய்கிறது? தண்டு ஒரு கோணத்திலும் பினியன் வேறொரு கோணத்திலும் நிற்கும்போது. ஒவ்வொரு சுற்றிலும் அது மடங்கி மடங்கிச் சுற்ற வேண்டும். நீங்கள் கீழ்முனையைக் கழற்றிவிட்டீர்கள். இப்போது அந்த ஜாயிண்ட் தண்டின் நுனியில் சும்மா தொங்கிக்கொண்டு, மடங்காமல் கூடவே சுற்றுகிறது. மடங்காதபோது துரு எப்படித் தெரியும்?

ஜாயிண்டின் கீழ்க் கவையைக் கையில் பிடியுங்கள். முன்னும் பின்னும் மடக்குங்கள். பிறகு இடமும் வலமும் மடக்குங்கள். இரண்டு பக்கமும் அதன் எடைக்கே தானாகத் தொங்கி விழ வேண்டும். நல்ல ஜாயிண்ட் அப்படித்தான் இருக்கும்.

நீலக்குருவி:

இடமும் வலமும் தானாக விழுகிறது. முன்னும் பின்னும் ஒரு விரலால் தள்ளினேன், அசையவில்லை. ஒரு கையால் தள்ளினேன், அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மடக்கியபோது கிரீச் என்று ஒரு சத்தத்தோடு கொஞ்சம் மடங்கி, அப்படியே நின்றுவிட்டது. விட்டால் தொங்கவில்லை, வளைத்த கம்பி மாதிரி அதே கோணத்தில் நிற்கிறது. ஒரு கப்பின் ஓரத்தில் மஞ்சளும் சிவப்புமாகத் தூள் வருகிறது.

ஐயா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு நெல்லிக்காய் அளவு இடத்தில் இருக்கும் துருவுக்காக முழு ரேக்கையும் மாற்ற இருந்தேன்.

இதில் எண்ணெய் அடித்து இளக்கினால் போதுமா?

கிரீஸ்கை:

இளகும். ஆனால் நிற்காது. அந்த எண்ணெய் துருவோடு சேர்த்து உள்ளே மிச்சமிருக்கும் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஊசி பேரிங் அரித்திருந்தால் கொஞ்ச நாள் லேசாகச் சுற்றி, பிறகு ஆட்டம் கொடுக்க ஆரம்பிக்கும். பிடிப்பாவது உங்களுக்கு முன்கூட்டியே சொன்னது. ஸ்டீயரிங் ஜாயிண்டில் ஆட்டத்தை நான் ஒருபோதும் விட்டுவைத்ததில்லை.

இந்த ஜாயிண்டின் கப்புகளைத் தட்டி எடுத்து, அளவு பார்த்து வேறு கிராஸ் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. புதுப்பேட்டையில் நானே செய்திருக்கிறேன். ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. இந்த வண்டி 1989இலிருந்து வருகிறது, 2016இல் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பழைய வண்டி பிரிக்கிற இடங்களில் தண்டு தாராளமாகக் கிடைக்கும். உங்கள் தலைமுறைக்கு உரியது, பவர் ஸ்டீயரிங் வண்டியிலிருந்து எடுத்தது என்று கேட்டு உறுதி செய்யுங்கள். நேரில் போய், இப்போது செய்தது போலவே நாலு பக்கமும் மடக்கிப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். மேல் ஜாயிண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிடிப்பு போல்ட்டை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள், கையேட்டில் சொன்ன முறுக்கு அளவில் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

நீலக்குருவி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தண்டு கிடைக்கும் வரை பொறுக்க முடியாமல், பழைய ஜாயிண்டில் எண்ணெய் அடித்து நாற்பது நிமிடம் மடக்கி மடக்கி இளக்கி மாட்டினேன். அன்று மாலை வீட்டைச் சுற்றி ஒரு சுற்றுப் போனபோது கண் கலங்கிவிட்டது. இந்த வண்டியை முதல் நாள் ஓட்டியபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. ரவுண்டபவுட்டில் விரலைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்தது. பன்னிரண்டு நாள். நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. பதின்மூன்றாம் நாள் காலை மறுபடி அந்தப் பிடிப்பு தொடங்கிவிட்டது. நீங்கள் சொன்னபடியேதான் ஐயா.

மறுநாளே வண்டியை நிறுத்திவிட்டேன். பிரிக்கும் இடத்தில் மூன்று தண்டு காட்டினார்கள். முதல் இரண்டில் கீழ் ஜாயிண்ட் என்னுடையதைப் போலவே ஒரு பக்கம் இறுகியிருந்தது! மூன்றாவது தண்டின் இரண்டு ஜாயிண்டும் எல்லாப் பக்கமும் தொங்கி விழுந்தன. 35 பவுண்டு. மாட்டும் முன் கீழ் ஜாயிண்டின் வெளிப்பக்கத்தில் மெழுகு மாதிரியான துருத் தடுப்பை அடித்தேன். பால் ஜாயிண்டையும் அதே நாளில் மாற்றினேன்.

தராசில் இப்போது: எல்லா இடத்திலும் 1.1, 1.2 கிலோ. நடுவிலும் அதேதான். மோட்டார்வேயில் ஒட்டல் அறவே இல்லை. ஒரே ஒரு மிச்சம்: இடப்பக்கம் திரும்பிவிட்டு வரும்போது சட்டென்று திரும்புகிறது, வலப்பக்கம் திரும்பிவிட்டு வரும்போது கொஞ்சம் சோம்பல்.

மலைப்பாதை:

இடம் வலம் வித்தியாசம் என்றால் காஸ்டரை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாயும் கோணத்தைப் பாருங்கள். இந்த வண்டியின் முன் கீழ்க்கை உள்முனையில் இருக்கும் முட்டை வடிவ போல்ட்டுகள்தான் காஸ்டரையும் கேம்பரையும் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) தீர்மானிக்கும். அதைப் பல இடங்களில் தொடாமல் டோ (சக்கரங்கள் நேராகப் பார்க்கிறதா என்பது) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் போல்ட் துருப்பிடித்துச் சுற்றாது. நாலு சக்கர அலைன்மெண்ட் செய்து அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். போகும் முன் ஒரு வாரம் தினமும் அந்த போல்ட்டுகளில் எண்ணெய் அடித்து வையுங்கள். நான் அப்படிச் செய்ததால்தான் என்னுடையது வெட்டாமல் சுற்றியது.

நீலக்குருவி:

தாளை வாங்கினேன். காஸ்டர் ஒரு பக்கம் 5.2 டிகிரி, மறுபக்கம் 3.9. ஒரு வாரம் எண்ணெய் அடித்ததில் நாலு போல்ட்டில் மூன்று சுற்றின. நாலாவதை அவர்கள் சூடுகாட்டிச் சுற்றினார்கள். இப்போது 5.2, 5.0. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பி வருகிறது.

தண்டு, போல்ட், பால் ஜாயிண்ட், ஆயில், அலைன்மெண்ட் எல்லாம் சேர்த்து 190 பவுண்டுக்குள் முடிந்தது.

கிரீஸ்கை:

சந்தோஷம் தம்பி. நூறு மைல் ஓடியதும் அந்தப் பிடிப்பு போல்ட்டில் ஒரு தடவை ரெஞ்சு வைத்துப் பாருங்கள். பெயிண்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நீலக்குருவி:

இன்று காலை பார்த்தேன் ஐயா, 118 மைல் ஆகியிருந்தது. ரெஞ்சு கிளிக் என்றது, போல்ட் அசையவில்லை. கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது. பழைய தண்டைத் தூக்கிப் போடவில்லை. உங்களில் யாராவது லெஸ்டர் பக்கம் வந்தால் அந்த ஜாயிண்டைக் கையில் கொடுக்கிறேன், நீங்களே மடக்கிப் பாருங்கள்.